தந்துகி, மயிர்க்குழாய், நுண்குழாய்: சிறுகுழாய்க் குருதியோட்டத்தைக் குறிக்கும் சொற்களின் வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

உடலின் மிகச் சிறிய குருதிக்குழாய்களுக்கும் அவற்றினூடே நிகழும் குருதியோட்டத்திற்கும் தமிழில் ஒன்றுக்கு மேற்பட்ட சொற்கள் வழங்குகின்றன. தமிழ்நாட்டு வழக்கும் இலங்கை வழக்கும் இதில் வேறுபடுகின்றன. இக்கட்டுரை, ஐரோப்பிய மருத்துவத்தில் இக்கருத்து உருவான வரலாற்றை முதலில் நோக்கி, அதற்கு நேராகத் தமிழில் அமைந்த சொற்கள் எதை ஏற்றன, எதை விட்டன என்பதை ஆராய்கிறது. குழாயின் வடிவைக் குறிக்கும் சொற்கள் தமிழில் பெருகியிருக்க, ஓட்டத்தைக் குறிக்கும் சொல் இன்னும் உறுதிபெறவில்லை என்பது இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: தந்துகி, மயிர்க்குழாய், நாளம், நுண்சுற்றோட்டம், கலைச்சொல்லாக்கம், குருதிப்பாய்வு.

முன்னுரை

தமிழ்நாட்டுப் பள்ளி மாணவர் உயிரியல் பாடத்தில் ‘தமனி, சிரை, தந்துகி’ எனப் படிக்கிறார். அதே வயதுடைய யாழ்ப்பாணத்து மாணவர் ‘நாடி, நாளம், மயிர்க்குழாய்’ எனப் படிக்கிறார். இருவரும் தமிழ்வழியில் கற்பவர்களே. கற்கும் பொருளும் ஒன்றே. ஆயினும் ஒருவரது பாடநூலை மற்றவர் கையில் கொடுத்தால் மூன்று சொற்களும் தடையாகும். இவற்றுள் முதலிரண்டு சொற்களைப் பற்றிக் கலைச்சொல் ஆய்வாளர்கள் அவ்வப்போது பேசியுள்ளனர். மூன்றாவதைப் பற்றிய பேச்சு குறைவு. கருத்து வரலாற்றில் அந்த மூன்றாவதே கடைசியாகக் கண்டறியப்பட்டது. மருத்துவத்தில் இன்று அதிகம் பேசப்படுவதும் அதுவே.

காணாத இணைப்பு

வில்லியம் ஹார்வி 1628ஆம் ஆண்டு பிராங்பர்ட் நகரில் வெளியிட்ட சிறு நூலில், குருதி இதயத்திலிருந்து தமனிவழிச் சென்று சிரைவழித் திரும்பும் ஒரு வட்டத்தை நிறுவினார். அவரது வாதம் அளவையை அடிப்படையாகக் கொண்டது. ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளித்தள்ளும் குருதியின் அளவைக் குறைத்தே மதிப்பிட்டாலும், அரைமணி நேரத்தில் வெளியேறும் மொத்தக் குருதி உடலில் உள்ளதைவிட மிகுதியாகிவிடும். எனவே சென்ற குருதி திரும்பி வந்தாக வேண்டும். கையைக் கட்டிச் செய்த சோதனைகளும் இதனை உறுதிசெய்தன. ஆனால் தமனியின் முடிவிலிருந்து சிரையின் தொடக்கத்திற்குக் குருதி எவ்வாறு கடக்கிறது என்பதை அவர் காணவில்லை. தசையிலுள்ள நுண்துளைகள் வழியாக அது கசிந்து செல்லக்கூடும் என்றே கருதினார். வட்டத்தின் பெரும்பகுதி நிறுவப்பட்டும் அதன் இணைப்பு அனுமானமாகவே நின்றது.

இவ்விடத்தில் பதின்மூன்றாம் நூற்றாண்டு அறபு மருத்துவர் இப்னு அந்நபீசையும் குறிப்பிடுதல் தகும். இதயத்தின் நடுச்சுவரில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு என்ற கேலனின் கொள்கையை மறுத்த அவர், குருதி நுரையீரல் வழியாகவே இடப்புறம் சேர்கிறது என்றார். அங்கும் இடைப்பட்ட வழி கண்ணால் கண்டதன்று, காரணத்தால் அறியப்பட்டது.

கண்டவர் மார்செல்லோ மால்பீகி. இத்தாலியின் போலோஞா நகரிலிருந்து 1661இல் தம் நண்பர் பொரெல்லிக்கு அவர் எழுதிய இரு கடிதங்களே நுரையீரல் பற்றிய அவரது நூலாயின. இரண்டாம் கடிதத்தில், உலர்த்திய தவளை நுரையீரலை நுண்ணோக்கியில் நோக்கியபோது தமனிக்கும் சிரைக்கும் இடையே குழாய்களின் வலை இருந்ததை அவர் விவரிக்கிறார். குருதி வெற்றிடத்தில் சிந்துவதில்லை. எங்கும் குழாய்க்குள்ளேயே செல்கிறது என்பது இதனால் தெளிவாயிற்று. ஹார்வி இறந்து அப்போது நான்கு ஆண்டுகள் கடந்திருந்தன. பின்னர் 1688இல் லேவன்ஹுக், தலைப்பிரட்டையின் வாலில் குருதி தமனியிலிருந்து சிரைக்குக் கடந்து செல்வதை உயிருள்ள நிலையிலேயே கண்டு எழுதினார். மால்பீகி குழாயைக் கண்டார். லேவன்ஹுக் அதில் ஓடும் குருதியைக் கண்டார். சொல்லாக்கத்தில் இவ்விரு காட்சிகளும் சமமாக இடம்பெறவில்லை.

மயிர் என்னும் உவமை

அக்குழாய்களுக்கு ஐரோப்பாவில் நிலைத்த பெயர் ‘கேப்பிலரி’. தலைமயிரைக் குறிக்கும் ‘கபில்லுஸ்’ என்னும் இலத்தீன் சொல்லே அதன் அடி. மயிர் போன்று மெல்லியது என்பதே பொருள். இவ்வுவமையை உலகமொழிகள் பலவும் அப்படியே ஏற்றன. செருமானியரும் டச்சுக்காரரும் ‘மயிர்க்குழாய்’ எனப் பொருள்படும் தம்மொழிச் சொற்களை அமைத்துக்கொண்டனர். சீனமும் சப்பானியமும் ‘மயிர்போல் நுண்ணிய குருதிக்குழாய்’ என எழுதுகின்றன. இன்றைய அறபு மொழியில் அது ‘சிறுமயிர்’. இந்தியில் ‘கேசிகா’, தெலுங்கில் ‘கேசநாளிக’, மலையாளத்தில் ‘லோமிக’, கன்னடத்தில் ‘லோமநாள’. கேசம், லோமம் இரண்டும் மயிரைக் குறிக்கும் வடசொற்கள்.

அளவு நோக்கில் இவ்வுவமை பொருந்துவதில்லை என்பது கவனிக்கத்தக்கது. மனிதத் தலைமயிரின் விட்டம் பொதுவாக 50 முதல் 100 மைக்ரான் வரை. குருதி நுண்குழாயின் உள்விட்டமோ 5 முதல் 10 மைக்ரான். ஏறத்தாழ 7 அல்லது 8 மைக்ரான் அகலமுள்ள சிவப்பணு அதனுள் ஒன்றன்பின் ஒன்றாக, பல இடங்களில் உடல் வளைந்தே, நுழைந்து செல்கிறது. மயிரின் பருமனுடைய குழாய் எனில் அது நுண்தமனியே அன்றி நுண்குழாய் ஆகாது. வெறுங்கண்ணின் எல்லைக்குள் நின்று பிறந்த சொல், நுண்ணோக்கி காட்டிய பொருளுக்கும் நீட்டிக்கப்பட்டது என்றே இதனைக் கொள்ளவேண்டும்.

இவ்விரண்டையும் வேறுபடுத்தியவர்களுள் ஒருவர் ஆங்கில மருத்துவர் மார்ஷல் ஹால். 1831இல் வெளியான அவரது நூல், கிளைத்துக் கிளைத்துச் சிறுத்துச் செல்லும் தமனிகளையும், சிறுக்காமல் ஒரே அளவில் வலையாகப் பின்னிக்கிடக்கும் உண்மையான நுண்குழாய்களையும் பிரித்துக் காட்டியது. சிறியது என்பதால் மட்டும் ஒரு குழாய் இவ்வகையைச் சேர்வதில்லை. வேறு தொழில் உடையதால் சேர்கிறது என்னும் எண்ணத்தின் தொடக்கம் இது.

தமிழ்ச் சொற்கள்

தமிழ்நாட்டு வழக்கான ‘தந்துகி’ நூல், இழை எனப் பொருள்படும் ‘தந்து’ என்னும் வடசொல்லின் அடியாகப் பிறந்தது. அண்டைமொழிகள் யாவும் மயிரைப் பற்றி நிற்க, தமிழ்நாட்டு வழக்கு நூலைப் பற்றியது. இதன் விளைவு சிறிதன்று. நூல் உள்ளீடற்றதன்று; ‘தந்துகி’ என்னும் சொல்லில் குழாய் என்பதற்கான குறிப்பே இல்லை. தமிழ்வழிக் கற்பவருக்குத் ‘தந்து’ என்னும் சொல்லும் பழக்கமில்லை. ஆகவே அது பொருள் உணர்த்தும் சொல்லாக அன்றி, மனப்பாடம் செய்யவேண்டிய இடுகுறியாகவே வகுப்பறையில் நிற்கிறது. இலங்கை வழக்கான ‘மயிர்க்குழாய்’ மூலச்சொல்லின் உவமையையும் குழாய்த் தன்மையையும் ஒருங்கே காட்டுகிறது. ‘மயிர்’ என்பது தமிழ்நாட்டுப் பேச்சில் இழிவழக்காக ஒதுங்கிவிட்டமையால் அங்குப் பாடநூலில் இச்சொல் இடம்பெறுவது எளிதன்று. இலங்கையில் அத்தகைய கூச்சம் பாடநூலாசிரியர்களைத் தடுக்கவில்லை.

இலங்கையின் மருத்துவத் தமிழுக்கு நெடிய வரலாறு உண்டு. அமெரிக்க மிசன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் தமிழ்வழி மருத்துவக் கல்வியை நடத்தினார். ‘மனுஷ அங்காதிபாதம்’ 1872இலும் ‘மனுஷ சுகரணம்’ 1883இலும் வெளிவந்தன. முன்னது உடற்கூற்றியல், பின்னது உடலியங்கியல். தமிழில் சொல் கிடைக்குமாயின் அதனையும், இல்லையேல் வடசொல்லையும், இரண்டும் இல்லையேல் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் வடிவிலும் கொள்வது கிறீன் பின்பற்றிய நெறி. 1956க்குப் பின் அரசகரும மொழித் திணைக்களம் துறைதோறும் வெளியிட்ட சொற்றொகுதிகள் இலங்கை வழக்கை ஒருமுகப்படுத்தின. தமிழ்நாட்டிலோ 1916இல் சேலத்தில் தோன்றிய தமிழ்ச் சாத்திரப் பரிபாசைக் கழகம் முதல், 1940இல் சீனிவாச சாத்திரியார் தலைமையில் அமைந்த அரசுக் குழுவை ஒட்டி எழுந்த எதிர்ப்பு வரை, விவாதம் பெரும்பாலும் வடசொல்லா தென்சொல்லா என்பதைச் சுற்றியே நடந்தது. சொல் எந்த மொழியினது என்னும் வினா, அது பொருளைச் சரியாகக் காட்டுகிறதா என்னும் வினாவைப் பின்தள்ளிவிட்டது எனலாம்.

வடசொற்கள் தம் பழம்பொருளோடு வரவில்லை என்பதும் இங்கு நினைக்கத்தக்கது. சுசுருத சங்கிதையில் சிரைகள் 700, தமனிகள் 24. இரண்டும் உந்தியிலிருந்து புறப்படுவன. சிரைகள் குருதியை மட்டுமன்றி வாதம், பித்தம், கபம் ஆகியவற்றையும் ஏந்துவன. இன்றைய ‘தமனி’க்கும் ‘சிரை’க்கும் இவற்றோடு பெயரளவிலான உறவே உண்டு. ‘நாடி’யின் நிலையும் அதுவே. சித்தமருத்துவர் கைபிடித்து நோக்கும் நாடி குழாயன்று, துடிப்பு. இலங்கைப் பாடநூல் அதனைக் குழாய்க்குப் பெயராக்கியது.

குழப்பம் மிகுவது ‘நாளம்’ என்னும் சொல்லில். தமிழ்நாட்டில் ‘இரத்த நாளம்’ என்பது குருதிக்குழாய் அனைத்திற்கும் பொதுப்பெயர். இலங்கையில் ‘நாளம்’ சிரையை மட்டுமே குறிக்கும். எனவே சென்னையில் ‘நுண்நாளம்’ என எழுதினால் சிறுகுழாய் எதுவும் ஆகலாம். யாழ்ப்பாணத்து வாசகர் அதனைச் சிறுசிரை என்றே கொள்வார். அங்குச் சிறுதமனிக்குப் ‘புன்னாடி’ என்றும் சிறுசிரைக்குப் ‘புன்னாளம்’ என்றும் பெயர். புன்மை என்னும் பழந்தமிழ்ப் பண்பைக் கொண்டு அமைந்த இவ்விரு சொற்களும் தமிழ்நாட்டு ‘நுண்தமனி, நுண்சிரை’ என்பவற்றைவிடச் செறிவானவை என்பது மறுக்கத்தக்கதன்று. ‘கலம்’ என்பதும் இவ்வாறே. குழாயைக் ‘குருதிக்கலம்’ எனலாமே என்று தோன்றும். ஆனால் இலங்கையில் ‘கலம்’ உயிரணுவுக்குப் பெயர்.

ஓட்டத்தின் பெயர்

குழாய்க்குள் நிகழும் ஓட்டத்தை அளவிடும் முயற்சி பத்தொன்பதாம் நூற்றாண்டில் வலுப்பெற்றது. பிரெஞ்சு மருத்துவர் புவாசேய், நுண்குழாய்களில் குருதி ஓடும் முறையை அறிய விரும்பி, மிகமெல்லிய கண்ணாடிக் குழாய்களில் நீரைச் செலுத்தி ஆராய்ந்தார். 1840களில் வெளியான அவரது முடிவின்படி, ஓட்டத்தின் அளவு ஆரத்தின் நான்காம் படியைப் பொறுத்தது. ஆரம் பாதியானால் ஓட்டம் பதினாறில் ஒரு பங்காகிவிடும். சிறுதமனி சற்றே சுருங்கினாலும் அதற்கப்பால் உள்ள பகுதி வறண்டுபோவதன் காரணம் இதுவே. இயற்பியலும் மருத்துவமும் சந்தித்த இவ்விடத்தைத் தமிழ்நாட்டுப் பாடநூல் மறைத்துவிடுகிறது. இயற்பியலில் அக்குழாய் ‘நுண்புழை’, உயிரியலில் ‘தந்துகி’. ஒரே மூலச்சொல் என்பது மாணவருக்குத் தெரிய வழியில்லை. இலங்கையில் ‘மயிர்த்துளை’ என்றும் ‘மயிர்க்குழாய்’ என்றும் வழங்குவதால் உறவு ஓரளவு காக்கப்படுகிறது.

எர்னஸ்ட் ஸ்டார்லிங் 1896இல் நுண்குழாய்ச் சுவரின் இருபுறமும் நீர்மம் கசிவதையும் மீள்வதையும் விளக்கினார். டென்மார்க்கைச் சேர்ந்த ஆகஸ்ட் குரோக், தசையின் தேவைக்கேற்ப நுண்குழாய்களின் ஓட்டம் கட்டுப்படுத்தப்படுகிறது என்று காட்டி 1920இல் நோபல் பரிசு பெற்றார். ஓய்வில் பெரும்பாலான குழாய்கள் மூடியிருக்கும் என்ற அவரது கருத்து பிற்கால ஆய்வுகளில் திருத்தம் பெற்றது. எனினும் நுண்குழாய் வெறும் வழியன்று, இயங்கும் உறுப்பு என்னும் எண்ணம் அவரால் நிலைத்தது. இந்த எண்ணத்தை அடுத்தே இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ‘மைக்ரோசர்க்குலேசன்’ என்னும் சொல் துறையின் பெயராகப் பரவியது. நுண்தமனி, நுண்குழாய், நுண்சிரை ஆகிய மூன்றையும், அவற்றில் நிகழும் ஓட்டத்தையும், சுவர்வழி நடக்கும் கொடுக்கல்வாங்கலையும் அது ஒருசேரக் குறித்தது. ‘மைக்ரோவாஸ்குலர் ரிசர்ச்’ என்னும் ஆய்விதழ் 1968இல் தொடங்கியது.

இச்சொல்லுக்கு நேராகத் தமிழில் ‘நுண்சுற்றோட்டம்’, ‘நுண்குருதியோட்டம்’ என்பன எளிதில் அமைகின்றன. இரண்டிலும் இடர் உண்டு. ‘சுற்றோட்டம்’ ஹார்வியின் வட்டத்தைக் குறிக்கப் பொருத்தமானது. நுண்குழாய்ப் பகுதியிலோ வட்டம் இல்லை; அது பெருவட்டத்தின் ஒரு துண்டு. ‘நுண்சுற்றோட்டம்’ எனக் கேட்பவர் உடலுக்குள் தனித்ததொரு சிறுவட்டம் உண்டெனக் கொள்ளக்கூடும். செருமானியம், பிரெஞ்சு ஆகியவற்றில் ‘சிறு சுற்றோட்டம்’ எனப் பொருள்படும் தொடர் நுரையீரல் சுற்றோட்டத்தைக் குறிப்பதால் இம்மயக்கம் கற்பனையன்று. ‘நுண்குருதியோட்டம்’ என்பதில் நுண்மை எதற்கு அடை? குருதி நுண்ணியதா, ஓட்டம் நுண்ணியதா? குழாயே நுண்ணியது, அதுவோ தொகையில் இல்லை.

இவ்விடத்தில் சுசுருத சங்கிதை மீண்டும் உதவுகிறது. தோட்டம் நீர்க்கால்களாலும் வயல் வாய்க்கால்களாலும் நனைவது போல உடல் சிரைகளால் பேணப்படுகிறது என்று அந்நூல் உவமிக்கிறது. அவற்றின் கிளைப்பை இலையின் நரம்புகளோடும் ஒப்பிடுகிறது. அந்நூல் சுற்றோட்டத்தை அறிந்திருந்தது என்பதற்கு இது சான்றாகாது. அவ்வாறு கூறுவோரின் ஆர்வம் வரலாற்றுக்கு உதவாது. கவனிக்கவேண்டியது உவமையின் திசை. ஐரோப்பியச் சொல் குழாயின் மென்மையைக் கண்டது. இவ்வுவமை குழாய் சென்று சேரும் நிலத்தைக் கண்டது.

தமிழ் வேளாண்வழக்கில் இவ்வேறுபாடு இயல்பாகவே உண்டு. வாய்க்காலில் நீர் ஓடும். வயலுக்கு நீர் பாயும். ஓடுதல் வழியைப் பற்றியது. பாய்தல் சேருமிடத்தைப் பற்றியது. இழையத்திற்குக் குருதி சென்றுசேர்வதை ஆங்கில மருத்துவம் ‘பெர்ஃப்யூசன்’ என்னும் தனிச்சொல்லால் குறித்து, வெறும் ஓட்டத்தினின்று வேறுபடுத்துகிறது. ‘குருதியோட்டம்’, ‘குருதிப்பாய்வு’ என்னும் இணை இவ்வேறுபாட்டை வலிந்து செய்யாமலே தாங்கும். தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இன்று பெரிதும் ஆராயப்படும் சிக்கலும் இதுவே. கிருமிப் பரவலால் அதிர்ச்சிநிலை அடைந்தவரின் குருதியழுத்தம் மருந்தால் சீராகியிருக்கும். ஆயினும் நுண்குழாய்களில் குருதி சேராமல் உறுப்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும். 1990களின் இறுதி முதல் நாவின் அடியில் வைத்து நோக்கும் சிறுகருவிகளால் இந்நிலையைப் படுக்கையருகிலேயே காணமுடிகிறது. அணையில் நீர் நிறைந்திருந்தும் கடைமடைக்கு வந்துசேரவில்லை என்பது காவிரிப் படுகையில் பழகிய முறையீடு. மருத்துவர் சொல்ல விரும்புவதை அப்பகுதி வேளாளர் ஒரே தொடரில் விளங்கிக்கொள்வார்.

இவ்வடிப்படையில், ‘நுண்குழாய்’ என்பதை மூவகைச் சிறுகுழாய்க்கும் பொதுப்பெயராக விரித்துக்கொண்டு, ‘மயிர்க்குழாய்’ அல்லது ‘தந்துகி’ என்பதை நடுப்பகுதிக்கு மட்டும் உரியதாக வைக்கலாம். அப்போது ‘நுண்குழாய்க் குருதிப்பாய்வு’ துறையின் பெயராக அமையும். தமிழ்நாட்டில் ‘நுண்குழாய்’ இப்போது தந்துகிக்கு மாற்றுப்பெயராகவும் வழங்குவதால் சிறிது காலம் மயக்கம் நேரும். ‘நாளம்’ தரும் மயக்கத்தைவிட அது சிறியது.

நோயாளியிடம் சேரும் சொல்

சொல்லின் தெளிவின்மை ஆய்வேட்டோடு நிற்பதில்லை. நீரிழிவால் சிறுநீரகத்தின் நுண்குழாய் முடிச்சுகளில் ஏற்படும் மாற்றத்தைக் கிம்மெல்ஸ்டீல், வில்சன் இருவரும் 1936இல் விவரித்தனர். கண்ணின் விழித்திரையிலும் இத்தகைய பாதிப்பு நேர்கிறது. உயிருள்ள உடலில் கீறலின்றி நுண்குழாய்களை மருத்துவர் நேரே காணத்தக்க இடம் விழித்திரை. ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851இல் அமைத்த கண்நோக்கியால் அது இயன்றது. 1998இல் வெளியான பிரித்தானிய நீரிழிவு ஆய்வு, சர்க்கரை அளவைத் தீவிரமாகக் கட்டுப்படுத்தினால் நுண்குழாய் சார்ந்த பாதிப்புகள் 25 விழுக்காடு குறைவதைக் காட்டியது.

இச்செய்தி தமிழ் பேசும் நோயாளியிடம் எச்சொல்லில் சேர்கிறது? பேச்சுத் தமிழில் ‘நரம்பு’ இருபொருள் உடையது. கையில் புடைத்துத் தெரியும் சிரையும் நரம்பு. ஊசி போடப்படுவதும் நரம்பில். கால்சிரை சுருண்டால் அதுவும் நரம்புச் சுருட்டல். உணர்ச்சியைக் கடத்துவதும் நரம்பே. நீரிழிவு இரண்டையும் தாக்குவது. காலில் உணர்ச்சி மங்குவது உணர்வு நரம்பின் கேடு. விழித்திரையில் குருதி கசிவது நுண்குழாயின் கேடு. இரண்டையும் ‘நரம்பு பலவீனம்’ என்னும் ஒரே தொடரால் கேட்டறியும் நோயாளி, கால் மரத்துப்போவதற்கு வாங்கிய சத்து மாத்திரையே கண்ணையும் காக்கும் என எண்ண இடமுண்டு. பார்வை தெளிவாக இருக்கும்போதே ஆண்டுக்கு ஒருமுறை விழித்திரையைச் சோதிக்கவேண்டும் என்ற அறிவுரை, ‘கண்ணின் சிறு ரத்தக்குழாய்’ என்று சொல்லப்படும்போதுதான் காரணத்தோடு விளங்கும். ‘தந்துகி’யைப் பத்தாம் வகுப்பில் எழுதித் தேறியவரும் மருத்துவமனையில் அச்சொல்லை நினைவுகூர்வதில்லை; அது அவரது உடலைப் பற்றிய சொல்லாக ஒருபோதும் சொல்லப்பட்டதில்லை.